நெடுந்தூரத் தொண்டுப் பயணத்துக்கு ஆட்டோ: எங்கே நிற்கும், ஏன் நிற்கும், எப்படிச் சரிசெய்வது

ஊருக்குள் நாலைந்து கிலோமீட்டர் ஓடி, நின்று, ஆறி, மறுபடி ஓடுவதற்காகச் செய்யப்பட்ட வண்டி ஆட்டோ. நிதி திரட்டும் பயணத்துக்காக அதையே சென்னையிலிருந்து கன்னியாகுமரி சுற்றி, மேற்குக் கரையோரமாக மும்பை வரை ஓட்டினால், நாள் முழுக்கச் சூடாகவே ஓடும். நாள் முழுக்கச் சுமை இருக்கும். நாள் முழுக்க அதிர்ந்துகொண்டே போகும். வழியில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றிலிருந்து பிறப்பவைதான். பெரிய எஞ்சின் வேலை அரிதாகத்தான் வரும். கேபிள், பிளக், டியூப், பிரேக் ஆயில் என்று நூறு இருநூறு ரூபாய்ச் சாமான்களே வண்டியைப் படுக்க வைக்கின்றன.

இங்கே சொல்வதெல்லாம் எஞ்சின் பின்னால் இருக்கும் பஜாஜ் ஆர்.இ. வகை பெட்ரோல் ஆட்டோவுக்கானது. டூ ஸ்ட்ரோக் (பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓடுவது), ஃபோர் ஸ்ட்ரோக் (ஆயில் எஞ்சினுக்குள் தனியாக இருப்பது) வித்தியாசம் வரும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறோம். காகிதக் கோளாறுகளை முதலில் வைத்திருக்கிறோம். எஞ்சினை ஒரு வாரத்தில் தயார் செய்துவிடலாம். பெர்மிட்டுக்கு அதைவிட அதிக நாள் பிடிக்கும்.

“பெர்மிட் உங்க ஊருக்கு மட்டும்தான்” என்று சாவடியில் நிறுத்துகிறார்கள்

வாடகை ஆட்டோவின் பெர்மிட் குறிப்பிட்ட எல்லைக்குள் ஓடத்தான். “சவாரி ஏற்றவில்லை, நாங்கள்தான் போகிறோம்” என்ற பதில் எடுபடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 66-ஆம் பிரிவு, பயணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் போக்குவரத்து வாகனத்துக்குப் பெர்மிட் வேண்டும் என்கிறது. பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் 192ஏ பிரிவில் 10,000 ரூபாய் அபராதம். சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

வழி இரண்டு. 87-ஆம் பிரிவில் தற்காலிகப் பெர்மிட் கிடைக்கும். நான்கு மாதத்துக்கு மேல் செல்லாது. மாநில எல்லை தாண்டுவதற்கு 88-ஆம் பிரிவின் 8-ஆம் உட்பிரிவில் சிறப்புப் பெர்மிட். வண்டி பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பயண வழி, தேதி, வண்டியில் போகிறவர்கள் பட்டியல் மூன்றையும் ஒரே மனுவில் கொடுங்கள். நுழையப் போகும் மாநிலங்களின் வரியை அரசின் பரிவாகன் இணையதளத்தில் முன்கூட்டியே கட்டி, ரசீதை அச்செடுத்து வையுங்கள்.

எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) தேதியையும் அன்றே பாருங்கள். எட்டு வயது ஆகாத வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. எட்டைத் தாண்டிவிட்டால் வருடா வருடம். பயணம் முடியும் தேதிக்குப் பிறகும் ஒரு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும். நடுவழியில் எஃப்.சி. முடிந்தால் சொந்த ஊருக்குத் திரும்புவதைத் தவிர வழி இல்லாமல் போகலாம். புகைச் சான்றிதழுக்கும் இதே கணக்கு.

எல்லாக் காகிதங்களையும் அரசின் டிஜிலாக்கர் செயலியிலோ எம்பரிவாகன் செயலியிலோ ஏற்றிவிடுங்கள். அவற்றில் காட்டுவது சட்டப்படி செல்லும். போனில் எடுத்து வைத்த சாதாரணப் போட்டோ செல்லாது. சிக்னல் இல்லாத மலைப்பாதைக்காக அச்சுப் பிரதியும் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும்.

வெளிநாட்டுக்காரரிடம் சர்வதேச லைசென்ஸ் இருக்கிறது, ஆனாலும் ஏற்க மறுக்கிறார்கள்

அந்தச் சிறு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறங்கள். ஏ, பி, சி, டி, இ என்று ஐந்து கட்டங்கள் இருக்கும். கார் மட்டும் ஓட்டுகிறவருக்கு பி கட்டத்தில் மட்டும் முத்திரை விழுந்திருக்கும். 1949 ஜெனீவா உடன்படிக்கையின் வகைப்படி, 400 கிலோவுக்கு மேற்படாத வெற்று எடையுள்ள மூன்று சக்கர வண்டி ஏ கட்டத்தில், மோட்டார் சைக்கிளோடு சேர்ந்து வருகிறது. உங்கள் ஆட்டோவின் வெற்று எடையை ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) பாருங்கள். 400-க்குள் இருந்தால் ஏ முத்திரை வேண்டும். அதை அவரவர் நாட்டில்தான் வாங்க முடியும், இங்கே வந்தபின் யாராலும் போட்டுக்கொடுக்க முடியாது. ஆகவே பெயர் பதியும்போதே அந்தப் பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுங்கள். சொந்த நாட்டு லைசென்ஸ் அட்டையும் கூடவே இருக்க வேண்டும்.

நம் ஊர்க்காரர்களும் தங்கள் லைசென்ஸில் என்ன வகை எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. பைக் ஓட்டும் லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்டோ எடுக்க முடியாது.

வண்டி வேறொருவர் பெயரில் இருந்தால், ஓட்டப்போகும் எல்லோர் பெயரையும் எழுதி உரிமையாளர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் ஒன்று வேண்டும்.

இன்சூரன்ஸ் கம்பெனி “ராலி என்றால் கிளெய்ம் கிடையாது” என்கிறது

பாலிசியின் பயன்பாட்டு வரம்பைப் படியுங்கள். பந்தயம், வேகச் சோதனை, வண்டியின் உறுதியைச் சோதிக்கும் ஓட்டம் ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை என்று எழுதியிருப்பது வழக்கம். உங்கள் பயணத்தில் நேரம் பார்த்துப் புள்ளி கொடுக்கும் ஏற்பாடு இருந்தால் அந்த விலக்குக்குள் நேராக விழுவீர்கள். அதோடு, அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது 189-ஆம் பிரிவில் குற்றம்.

முதலில் பயணத்திலிருந்து நேரப் போட்டியை எடுத்துவிடுங்கள். புகைப்படத்துக்கும், பள்ளிக்கூடம் போய்ப் பார்ப்பதற்கும் புள்ளி கொடுங்கள். பிறகு பயண வழியையும் நோக்கத்தையும் உள்ளபடி எழுதி, பாதுகாப்பு உண்டு என்ற பதிலை கம்பெனியிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். ஏஜெண்ட் வாயால் சொல்வது விபத்தன்று உதவாது.

அலங்கரித்த வண்டியை மட்டும் பிடித்து நிறுத்துகிறார்கள்

வண்டியின் நிறம் ஆர்.சி.யில் இருக்கிறது. மஞ்சள் ஆட்டோவை ஊதாவாக மாற்றி பெயிண்ட் அடித்தால் ஆவணமும் வண்டியும் பொருந்தாது. பெயிண்ட் வேண்டாம், கழற்றக்கூடிய ஸ்டிக்கரும் துணிப் பதாகையும் போதும். நம்பர் பிளேட், பக்கவாட்டு பெர்மிட் எழுத்து, பின் விளக்கு, இண்டிகேட்டர் எதுவும் மறையக்கூடாது. எஞ்சினுக்குக் காற்று போகும் பின்பக்கத் திறப்பில் பதாகை தொங்கவே கூடாது. அதன் காரணம் கீழே சூட்டைப் பற்றிச் சொல்லும் இடத்தில் வரும்.

“இந்த ரோட்டில் ஆட்டோ போகக்கூடாது”

மும்பை–புனே விரைவுச் சாலையில் மூன்று சக்கர வண்டிக்கு அனுமதி இல்லை. பெங்களூரு–மைசூரு நெடுஞ்சாலையின் பிரதான பாதையிலும் 2023 ஆகஸ்ட் 1 முதல் இல்லை. சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். மேப் செயலி காருக்கான வழியைத்தான் காட்டும், இதைச் சொல்லாது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை நடப்பில் இருக்கிறது. பந்திப்பூர் காட்டு வழி இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். ஆட்டோவின் வேகத்தில் கணக்குப் போடாமல் ஊட்டியிலிருந்து மதியம் தாண்டிப் புறப்படுகிறவர்கள் அந்த கேட்டில்தான் இரவைக் கழிக்கிறார்கள்.

நன்கொடையாளர் ரசீது கேட்கிறார், தொண்டு நிறுவனம் திணறுகிறது

வசூல் தொடங்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. நிறுவனத்துக்கு 80ஜி அனுமதி (நன்கொடையாளருக்கு வருமான வரிக் கழிவு கிடைக்கச் செய்வது) நடப்பில் இருக்கிறதா? வெளிநாட்டுப் பணம் வாங்கும் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இருக்கிறதா?

80ஜி கழிவுக்கு 10பி.இ. படிவச் சான்றிதழ் தேவை. அதற்குக் கொடுப்பவரின் பெயர், முகவரி, பான் எண் வாங்கியிருக்க வேண்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடையாது. ஆகவே உண்டியல் ஏந்துவதோடு கியூஆர் அட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக் குடிமகன் இங்கே வந்து ரூபாயாகக் கொடுத்தாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்புதான். அதை நிறுவனத்தின் எஃப்.சி.ஆர்.ஏ. கணக்கில், அதாவது புது டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் வாங்க முடியும். அணித் தலைவரின் சொந்தக் கணக்கில் வாங்கி மாற்றிக் கொடுப்பது நிறுவனத்தின் பதிவுக்கே ஆபத்தாக முடியும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் வெளிநாடு வாழ் தமிழர் கொடுப்பது இந்தக் கணக்கில் வராது. குடியுரிமை மாறியவர் கொடுப்பது வரும்.

லீவரை இழுத்தாலும், செல்ஃப் அடித்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லை

இனி வண்டி. இந்த வரிசையிலேயே பாருங்கள், தாவ வேண்டாம்.

1. பெட்ரோல் காக் திறந்திருக்கிறதா, ரிசர்வில் பெட்ரோல் வருகிறதா.
2. கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் பிடியுங்கள். நூல் பிடித்தது போல் இடைவிடாமல் வர வேண்டும். விட்டுவிட்டுச் சொட்டினால் ஃபில்டர் அடைப்பு, அல்லது டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைப்பு.
3. பிளக்கைக் கழற்றி, கேப்பில் செருகி, எஞ்சின் உடம்பில் உலோகம் படும்படி வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். பக்கத்தில் சிந்திய பெட்ரோல் இருக்கக்கூடாது. பளிச்சென்ற நீலப் பொறி வந்தால் மின்பகுதி நன்றாக இருக்கிறது. பொறி மங்கலாகவோ மஞ்சளாகவோ வந்தால் புது பிளக் போட்டுப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் பிளக் கேப், வயர், பிறகு சி.டி.ஐ. (பொறிக்கான மின்பெட்டி) என்ற வரிசையில் பாருங்கள்.
4. பொறியும் பெட்ரோலும் சரியென்றால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றி மெயின் ஜெட்டை (பெட்ரோல் வரும் சிறு துளைத் திருகை) வாயால் ஊதுங்கள். ஊக்கு, ஊசி போட்டுக் குத்த வேண்டாம். துளை ஒரு முடியளவு பெரிதானாலும் கலவை மாறிவிடும்.

பிளக்கின் முனையே பாதி விவரம் சொல்லிவிடும். காபித்தூள் நிறம் என்றால் நலம். கறுப்பாக ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு கலப்பது) அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. வெளுத்துப் போயிருந்தால் பெட்ரோல் குறைவாகப் போகிறது, எஞ்சின் அளவுக்கு மேல் சூடாகிறது. அப்படியே ஓட்டினால் அடுத்தது பிஸ்டன்தான்.

மழையில் நனைந்த பிறகு நின்றிருந்தால் மேலே சொன்ன எதையும் தொடும் முன் பிளக் கேப்பைக் கழற்றி உள்ளே துடைத்து உலர்த்துங்கள். பல வண்டிகள் அதற்கே எழுந்துவிடும்.

பதினைந்து இருபது கிலோமீட்டர் ஓடி நிற்கிறது, கொஞ்சம் பொறுத்தால் மறுபடி ஓடுகிறது

நின்றவுடன் டேங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் கோளாறு பிடிபட்டது: மூடியின் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க டேங்கில் வெற்றிடம் உண்டாகி, ஓட்டம் நின்றுவிடுகிறது. துளையைச் சுத்தம் செய்யுங்கள்.

சத்தம் ஏதும் இல்லையென்றால் அதே நிமிடம், சூடு ஆறுவதற்குள், பிளக் பொறியைப் பாருங்கள். சூட்டில் பொறி இல்லாமல் ஆறியதும் வந்தால் இக்னிஷன் காயில் அல்லது மேக்னட்டோவின் (எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் பகுதி) உள் காயில் கெட்டுக்கொண்டிருக்கிறது. ஆறிய பிறகு எந்த மெக்கானிக்கிடம் காட்டினாலும் “நல்லாத்தானே இருக்கு” என்பார். நின்ற இடத்தில் பார்ப்பதுதான் ஒரே வழி.

ஏற்றத்தில் இழுவை குறைகிறது, எஞ்சின் வாடை அடிக்கிறது

இந்த எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. காற்றாடி ஒன்று காற்றை இழுத்து, தகரக் கவசத்துக்குள்ளாக சிலிண்டரின் செதில்கள் மேல் தள்ளுகிறது. அந்த வழியில் எது குறுக்கிட்டாலும் சூடு ஏறும். பின்னால் திணித்த பை, தொங்கும் பதாகை, செதிலுக்கிடையே இறுகிய சேறும் ஆயிலும், கழன்றுபோன கவசத் தகரம் எல்லாமே குற்றவாளிகள். கவசத்தைக் கழற்றி, பழைய டூத் பிரஷ்ஷில் மண்ணெண்ணெய் தொட்டுச் செதில்களைத் தேயுங்கள். கவசத் தகரம் தேவையில்லாத உறை போலத் தெரியும். கழற்றிப் போட்டால் காற்று நன்றாகப் படும் என்று நினைக்க வேண்டாம். அது இல்லாமல் காற்று சிலிண்டர் பக்கமே போகாது.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் அளவைத் தினமும் காலையில், சமதளத்தில், எஞ்சின் ஆறியிருக்கும்போது பாருங்கள். புறப்படும் முன் புது ஆயில் மாற்றி, வழியில் ஊற்ற ஒரு லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் போகிறது: லிட்டருக்கு 20 மில்லி 2டி, அதாவது 2 சதவீதம். எட்டு லிட்டருக்கு 160 மில்லி. கண்ணளவில் ஊற்றாமல் அளவு போட்ட குப்பியில் ஊற்றுங்கள். பங்க்கில் முதலில் ஆயில், பிறகு பெட்ரோல் என்ற வரிசையில் ஊற்றினால் தானே கலக்கும். ஆயிலைக் கூட்டினால் பாதுகாப்பு என்று இரட்டிப்பாக ஊற்றுகிறவர்கள் பிளக்கும் சைலன்சரும் கரி பிடித்து, இழுவை போய் நிற்கிறார்கள்.

இழுவை திடீரென இறங்கி, எஞ்சின் முனகி, யாரோ பிடித்து இழுப்பது போல வண்டி தளர்ந்தால் பிஸ்டன் பிடிக்கத் தொடங்கிவிட்டது. உடனே கிளட்சைப் பிடித்து ஓரம் கட்டுங்கள். அரை மணிக்குக் குறையாமல் ஆறவிட்டு, பிளக் துளையில் ஒரு ஸ்பூன் 2டி ஊற்றி, மெதுவாகச் சுழற்றுங்கள். சுழன்றால் பாதி வேகத்தில் அடுத்த மெக்கானிக் வரை போகலாம். சுழலாவிட்டால் வலுக்கட்டாயம் செய்யாமல் கட்டி இழுத்துப் போங்கள்.

மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை

இதில் உயிர் இருக்கிறது. பெடல் எப்படி நடந்துகொள்கிறது என்று கவனியுங்கள்.

பெடல் கெட்டியாக இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை: டிரம்மும் லைனிங்கும் கொதித்துவிட்டன. எரிந்த வாடை வரும். நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். சூட்டில் இருக்கும் டிரம் விரிசல் விடும்.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது, இரண்டு மூன்று முறை மிதித்தால் மேலே வருகிறது: பிரேக் ஆயிலில் காற்று, அல்லது பழைய ஆயில் கொதித்து ஆவி கட்டியிருக்கிறது. காற்று எடுத்து, புது ஆயில் ஊற்ற வேண்டும்.

பெடல் அழுத்தினால் மெல்ல அடிவரை இறங்குகிறது: எங்கோ கசிகிறது. மூன்று சக்கரத்தின் உள்பக்கமும் ஈரம் இருக்கிறதா பாருங்கள். ஈரமே இல்லாமல் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தில் பிரேக் ஆயிலைத் தள்ளும் பகுதி) வாஷர் போய்விட்டது. இந்த வண்டியை இறக்கத்தில் ஒரு மீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

புறப்படும் முன் ஆயிலை முழுதாக மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறிய ஆயில் சீக்கிரம் கொதிக்கும். சமவெளியில் இது தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் பாதி இறங்குவதற்குள் தெரிந்துவிடும்.

இறங்கும்போது, ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரல் போடவே கூடாது. டூ ஸ்ட்ரோக்குக்கு மட்டும் ஒரு கூடுதல் பாடம்: ஆக்சிலேட்டரை முழுதாக மூடி நீளமாக இறங்கினால், பெட்ரோல் குறையும்போது ஆயிலும் குறைகிறது, ஆனால் எஞ்சின் வேகமாகச் சுழன்றுகொண்டே இருக்கிறது. அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு கொடுங்கள்.

வளைவுக்குள் பிரேக் அடிக்காதீர்கள், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். முன்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள வண்டி, திரும்பிக்கொண்டே பிரேக் அடித்தால் முன் மூலையில் சாயும். டாப்பின் மேல் மூட்டை கட்டியிருந்தால் இன்னும் எளிதாகச் சாயும். சாமான் எல்லாம் சீட்டுக்கு அடியிலும் கால் வைக்கும் தரையிலும்தான் இருக்க வேண்டும்.

கிளட்ச் திடீரென லூஸாகிவிட்டது. கியர் விழ மறுக்கிறது

கிளட்ச் கேபிள் பெரும்பாலும் ஹேண்டில்பார் லீவருக்குள் இருக்கும் நிப்பிள் (கம்பி முனையின் உலோக முடிச்சு) பக்கம்தான் அறும். ஒரே நாளில் அறாது. லீவரைப் பிடித்துக்கொண்டு டார்ச் அடித்துப் பாருங்கள்: முறுக்கிய கம்பியில் ஓரிரு இழை பிரிந்து மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால், அந்தக் கேபிளுக்கு இன்னும் சில நாள்தான்.

புறப்படும் முன்பே புதுக் கேபிள் ஒன்றை கிரீஸ் போட்டு, பழைய கேபிளின் பக்கத்திலேயே எஞ்சின் வரை ஓட்டி, இரண்டு முனையையும் டேப் சுற்றிக் கட்டிவையுங்கள். அறுந்த அன்று இருட்டில் தரையில் படுத்து வழி தேட வேண்டியதில்லை. முனைகளை மாட்டி, லீவரில் 2 முதல் 3 மி.மீ. தளர்வு விட்டால் முடிந்தது. திருகு வைத்த நிப்பிள் நாலு கையிருப்பில் இருந்தால் ஆக்சிலேட்டர் கேபிளுக்கும் உதவும்.

கியருக்கு இரண்டு கேபிள்: ஒன்று இழுக்க, ஒன்று விட. ஒன்று நீண்டுவிட்டால் நியூட்ரல் கிடைக்காது, அல்லது கியர் தானாக வழுக்கும். நியூட்ரலில் வைத்து இரண்டையும் சமமாக இறுக்குங்கள். ஒன்றை மட்டும் இறுக்கினால் கோளாறு அடுத்த கியருக்குப் போகும்.

பஞ்சர் போட்ட டியூப் மறுபடி மறுபடி இறங்குகிறது

4.00-8 அளவு டயரின் ரிம் இரண்டு பாதியாக, நட்டுகளால் சேர்த்து இறுக்கியிருக்கும். காற்றை முழுதாக இறக்காமல் இந்த நட்டுகளைத் தொடக்கூடாது. ரிம் பாதி பறந்து வந்து முகத்தில் அடிக்கும். வால்வு ஊசியைக் கழற்றி, டயரை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

திரும்பத் திரும்ப இறங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் சேர்க்கும்போதுதான் நடக்கிறது: இரண்டு ரிம் பாதிக்கு நடுவில் டியூப் கடிபட்டுவிடுகிறது. டியூபில் உருண்டை வருமளவு மட்டும் காற்று விட்டு டயருக்குள் வையுங்கள். ரிம் பாதிகளை மூடி, நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். பிறகு முழுக் காற்று. துளை ரிம் பக்கமே விழுந்துகொண்டிருந்தால், ரிம்மின் உள்ளே துரு கிளம்பியிருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

டியூப் மூன்று, ஸ்டெப்னி ஒன்று, கைப்பம்பு ஒன்று கட்டாயம்.

இரவில் ஹெட்லைட் மங்குகிறது, காலையில் செல்ஃப் எடுக்கவில்லை

சீரியல் விளக்கு, ஸ்பீக்கர், நாலு போன் சார்ஜர் எல்லாவற்றையும் அந்தச் சிறிய பேட்டரியில் மாட்டியிருப்பீர்கள். வண்டியின் சார்ஜிங் அதற்கேற்ப வடிவமைத்தது அல்ல. அவற்றைக் கழற்றிவிட்டு ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். சரியாகிவிட்டால் போனுக்குத் தனி பவர் பேங்க் போதும். சரியாகாவிட்டால் பேட்டரி முனைத் துரு, பிறகு ரெகுலேட்டர்.

கேஸ் ஆட்டோ: அடுத்த பங்க் எங்கே என்று தெரியவில்லை

எல்.பி.ஜி. வண்டியில் பெட்ரோல் டேங்க் சிறியது, அவசரத்துக்கானது. நகரத்தை விட்டு வெளியே வந்தால் கேஸ் பங்க் அரிது. முடிந்தால் பெட்ரோல் வண்டியையே எடுங்கள்.

சோதனை ஓட்டம்

புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு, முழுச் சாமானும் முழு ஆளும் ஏற்றி 100 கி.மீ. ஓட்டுங்கள், சென்னையிலிருந்து மாமல்லபுரம் போய் வந்தால் ஏறக்குறைய அந்தத் தூரம். வந்ததும் எஞ்சின் மவுண்டிங், ஷாக் அப்சார்பர், சைலன்சர், வீல் நட்டுகளை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு நட்டின் மேலும் உடம்பின் மேலும் சேர்த்து ஒரு கோடு வெள்ளை பெயிண்டில் இழுத்துவிட்டால், அதன்பின் தினமும் காலையில் கோடு பிசகியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். மலை இல்லாமல் சோதனை முழுமையாகாது. ஏலகிரியின் 14 வளைவோ ஏற்காடோ ஏறி இறங்கி வாருங்கள். நாளொன்றுக்கு 200 கி.மீ.க்கு மேல் திட்டம் போடாதீர்கள்.

பயணம் முடிந்தது, வண்டியை அங்கேயே தானமாகக் கொடுக்க வேண்டும்

சாவியைக் கொடுத்துப் படம் எடுத்தால் வண்டி கைமாறாது. 29, 30-ஆம் படிவங்கள் பெயர் மாற்றத்துக்கு. வேறு மாநிலத்தில் கொடுப்பதென்றால் சொந்த ஆர்.டி.ஓ.விடமிருந்து 28-ஆம் படிவத்தில் தடையின்மைச் சான்றும் வேண்டும். கடன் பாக்கி ஆர்.சி.யில் பதிவாகியிருந்தால் முதலில் அதை நீக்க வேண்டும், பெர்மிட்டை ஒப்படைக்க வேண்டும். இவற்றை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே பூர்த்தி செய்து வைத்துக்கொண்டு போங்கள். பெயர் மாறும்வரை அந்த வண்டி செய்யும் விபத்துக்கு ஆவணத்தில் பெயருள்ளவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பெயர் மாறிய ஆர்.சி.யைப் பரிவாகன் தளத்தில் கண்ணால் பார்த்த பிறகுதான் இன்சூரன்ஸை நிறுத்த வேண்டும்.